எஸ்டிஎஸ் இளநிலைப் பட்டம்: பாடத் தேர்வு முதல் ஆய்வேடு வரை முழுமையான வழிகாட்டி

அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் என்ற பட்டப்படிப்பில் (இனி எஸ்டிஎஸ்) சேர்ந்துவிட்டுத் திணறுபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல் ஆண்டு முழுக்கக் கோட்பாடு, இரண்டாம் ஆண்டில் மேலும் கோட்பாடு, கடைசி ஆண்டில் “எதைப் பற்றி ஆய்வேடு எழுதுவது?” என்ற தவிப்பு. இந்த வழிகாட்டி சொல்லும் வரிசை வேறு. முதலில் ஒரு தொழில்நுட்பத் துறையில் காலூன்ற வேண்டும், அடுத்து ஆய்வு முறைகளைக் கற்க வேண்டும், கோட்பாட்டை அவற்றோடு சேர்த்தே வளர்க்க வேண்டும்.

1. சேருமுன்: பெயரை விடுங்கள், பாடப் பட்டியலைப் படியுங்கள்

ஒரே பெயருக்குக் கீழே வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எஸ்டிஎஸ் பாடத்தில் பி.ஏ.வும் உண்டு, அறிவியல் இளநிலையான பி.எஸ்.ஸும் உண்டு; இரண்டாவது தொழில்நுட்பப் பாடங்களைக் கூடுதலாகக் கேட்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பை நடத்துவது அறிவியல் வரலாறு, சமூகவியல் துறை. அதனால் வரலாற்றின் வாடை தூக்கலாக இருக்கும். கார்னெலில் எஸ்டிஎஸ் தனித் துறை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் பட்டம் பெறும் முன் ஓர் எஸ்டிஎஸ் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். அங்கே அவர்களின் பட்டம் பொறியியல்தான், இது அதனோடு கட்டாயமாக வரும் பகுதி.

பாடப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை பாடங்களை எஸ்டிஎஸ் ஆசிரியர்களே நடத்துகிறார்கள்? எத்தனை அறிவியல் அல்லது பொறியியல் பாடங்கள் கட்டாயம்? ஆய்வு முறைப் பாடம் எந்த ஆண்டில் வருகிறது? கடைசி ஆண்டில் ஆய்வேடு கட்டாயமா, விருப்பமா?

முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சில இடங்களில் தத்துவத்தில் இரண்டு, சமூகவியலில் மூன்று, கணினியில் ஒன்று என்று பிற துறைகளின் பாடங்களைக் கோத்துப் பட்டமாக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட திட்டத்தில் இழைகளை ஒன்றாக முறுக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். வலுவான ஆலோசகர் இருந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் நான்கு ஆண்டுகளும் அறிமுகப் பாடங்களாகவே கழியும்.

ஆய்வு முறைப் பாடம் மூன்றாம் ஆண்டின் இறுதியில்தான் வருகிறது என்றால் அது எச்சரிக்கை மணி. முறை தெரியாமல் ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க நேரிடும்.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கேயே களைந்துவிடலாம். இது எளிதாக்கப்பட்ட பொறியியல் படிப்பும் இல்லை, அறிவியல் இதழியல் பயிற்சியும் இல்லை. அறிவு எப்படி உருவாகிறது, ஒரு கருவி ஏன் இந்த வடிவத்தில் வந்தது, அதில் யாருடைய சொல் எடுபட்டது என்று சான்றோடு ஆராயும் படிப்பு. வாரந்தோறும் நிறைய வாசிப்பும் எழுத்தும் இருக்கும். எழுதுவது பிடிக்காதவர்களுக்கு இது தண்டனைதான்.

2. ஒரே ஒரு தொழில்நுட்பத் துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் ஆண்டு முடிவதற்குள் இதை முடிவு செய்யுங்கள். உயிரியல், கணினியியல், ஆற்றல், மருத்துவக் கருவிகள், காலநிலை, எதுவானாலும் சரி. அதில் அறிமுகப் பாடத்தோடு நிறுத்தாமல், அதற்கு அடுத்த நிலையிலும் குறைந்தது இரண்டு பாடங்களை எடுங்கள். ஆய்வகம் உள்ள பாடம் ஒன்றாவது இருக்கட்டும். அளவீடு எவ்வளவு தடுமாற்றமானது என்பது ஆய்வகத்தில்தான் விளங்கும்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? எஸ்டிஎஸ் வகுப்புகளில் தவறாமல் வரும் ஓர் ஆய்வைப் பாருங்கள். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைப்பகுதியில் கதிரியக்க சீசியம் மழையோடு இறங்கியது. ஆட்டு விற்பனைக்குத் தடை வந்தது. சில வாரங்களில் சரியாகிவிடும் என்று அறிவியலாளர்கள் சொன்னார்கள். ஆனால் கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012இல். அந்த மேய்ச்சல்காரர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் இடையே நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதை எஸ்டிஎஸ் ஆய்வாளர் பிரையன் வின் ஆராய்ந்தார்.

இதை “நிபுணர்கள் உள்ளூர் அறிவை மதிக்கவில்லை” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் மாணவர்கள் ஏராளம். ஆய்வின் உயிர் மண்ணில் இருக்கிறது. களிமண்ணில் சீசியம் கனிமத் துகள்களோடு இறுகப் பிணைந்துவிடும், செடிக்குப் போகாது. அமிலத்தன்மை கொண்ட, மட்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண்ணில் அது பிணையாமல் புல்லுக்குள் போய், புல்லை மேய்ந்த ஆட்டுக்குள் போகிறது. மீண்டும் மண்ணுக்கே வந்து சுழல்கிறது. முதலில் சொன்ன கணிப்பு களிமண்ணின் நடத்தையை அடிப்படையாகக் கொண்டது. இந்த வேதியியல் புரிந்தால்தான் “எந்த அனுமானம் எங்கே பொய்த்தது” என்று காட்ட முடியும். புரியாவிட்டால் கட்டுரை வெறும் புகார்ப் பட்டியலாகிவிடும்.

புள்ளியியலை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். நீங்கள் படிக்கப்போகும் சர்ச்சைகளில் பாதி, மாதிரி எப்படித் தேர்வானது, பிழை வரம்பு என்ன என்பதில் வந்து நிற்கும். மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போட்டவர்கள் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளைத் தாண்டிக் குதித்தே பழகிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பழக்கம் போவதில்லை.

இரண்டு துறைகளில் அரைகுறையாகக் கால் வைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. செயற்கை நுண்ணறிவும் மரபணுவியலும் ஒரே சமயத்தில் கவர்ந்திழுக்கும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது செய்தித்தாளில் படிக்கும் ஆர்வமாக இருக்கட்டும்.

3. வாசிப்பு: முடிவுரையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு பாடத்துக்கு வாரம் 80 முதல் 120 பக்கங்கள் வரை வரும் என்று எதிர்பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிவரியாகப் படித்தால் இரண்டாவது வாரத்திலேயே மூச்சு முட்டும்.

ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு இந்த வரிசை உதவும். சுருக்கம், அறிமுகத்தின் கடைசி இரண்டு பத்திகள், முடிவுரை. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, “இவர் யாரோடு சண்டை போடுகிறார்?” என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தத் துறையில் அநேகமாக எல்லாக் கட்டுரையும் யாருக்கோ பதில் சொல்கிறது; அந்த எதிராளி தெரியாவிட்டால் வாதம் பிடிபடாது. அதன்பிறகு நடுப்பகுதிக்குப் போய்ச் சான்றுகளை மட்டும் பாருங்கள்: நேர்காணலா, ஆவணமா, நேரடிக் கவனிப்பா, வேறொருவர் சொன்னதை எடுத்தாண்டதா?

கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பாலம் போதும். கருவிகளுக்கு அரசியல் உண்டா என்று கேட்டு அரசியல் கோட்பாட்டாளர் லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரையில், நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பூங்காச் சாலைகளின் தாழ்வான பாலங்கள் வருகின்றன. நியூயார்க்கின் பூங்காக்களையும் சாலைகளையும் கட்டியெழுப்பிய அதிகாரி ராபர்ட் மோசஸ் அவற்றைப் பேருந்து நுழையாதபடி தாழ்வாகக் கட்டினார், அதனால் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வருவது தடுக்கப்பட்டது என்பது அந்த உதாரணம். அதற்கான ஆதாரத்தை வின்னர் மோசஸின் வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றிலிருந்து எடுத்தார். 1999இல் பெர்ன்வார்ட் யோர்கஸ் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்: அந்தச் சாலைகளில் பேருந்துக்கும் வணிக வண்டிகளுக்கும் ஏற்கெனவே தடை இருந்தது, கடற்கரைக்கு வேறு வழிகளும் இருந்தன.

முதலாம் ஆண்டுக் கட்டுரைகளில் இந்தப் பாலம் அசைக்க முடியாத உண்மையாக வந்து நிற்கும். மறுப்பைப் படித்தவர்கள் சிலர் வின்னரின் வாதமே தோற்றுவிட்டதாக எழுதுவார்கள். இரண்டுமே அவசரம். உதாரணம் ஆட்டம் கண்டாலும், ஒரு வடிவமைப்பு சிலரை உள்ளே விட்டுச் சிலரை வெளியே நிறுத்தக்கூடும் என்ற கருத்து வேறு சான்றுகளால் நிற்கலாம். உதாரணத்தையும் கருத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் படிப்பின் பாதியைக் கற்றுவிட்டீர்கள் என்றே சொல்லலாம்.

படித்தவற்றைச் சொடெரோ போன்ற மேற்கோள் மென்பொருளில் முதல் வாரத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள்: வாதம், சான்று, எங்கே சந்தேகம். கடைசி ஆண்டில் முன்னாய்வுகளைத் தொகுக்கும்போது இந்த மூன்று வரிகள் வாரக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. கோட்பாட்டை முத்திரையாகக் குத்தாதீர்கள்

எதை முதலில் கற்பது என்று குழம்ப வேண்டாம். தொழில்நுட்பத்தின் சமூகக் கட்டமைப்பு என்ற அணுகுமுறையில் தொடங்குங்கள். பொருளைக் கண்ணால் பார்க்க முடிவதால் பிடித்துக்கொள்வது சுலபம். டிரெவர் பின்ச்சும் வீபே பைக்கரும் 1984இல் மிதிவண்டியை வைத்து இதை விளக்கினார்கள். காற்றடைத்த டயர் முதலில் அதிர்வைக் குறைக்கும் தீர்வாக வந்தது. பந்தயக்காரர்களுக்கு அதிர்வு ஒரு பிரச்சினையே இல்லை, அதனால் அவர்கள் அதைக் கேலி செய்தார்கள். பந்தயத்தில் அந்த டயர் வேகமாக ஓடிக் காட்டியதும் அவர்களுக்கு அது வேகத்துக்கான கருவியாகிவிட்டது. டயர் ஒன்றே, பார்த்த குழுவைப் பொறுத்து அது தீர்த்து வைத்த பிரச்சினை வேறு.

அடுத்து பிரூனோ லதூர், மிஷேல் கலோன் வழிவந்த செயற்பாட்டாளர் வலைப்பின்னல் அணுகுமுறை. அதற்குப் பிறகு ஷீலா ஜஸனாஃப் முன்வைத்த இணையாக்கம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலாவதில் மனிதக் குழுக்கள் மட்டுமே நடிகர்கள். இரண்டாவது பொருள்களையும் மேடையேற்றுகிறது. மூன்றாவது சட்டம், அரசு, அறிவு எல்லாம் ஒன்றையொன்று உருவாக்குவதைக் கேட்கிறது. லதூரிலிருந்து தொடங்குபவர்கள் அவர் எதை மறுக்கிறார் என்று தெரியாமல் சொற்களை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

பிழை எப்படி இருக்கும் தெரியுமா? “இந்தச் செயலி ஒரு வலைப்பின்னல், அதில் பல செயற்பாட்டாளர்கள் உள்ளனர்.” சரி, அதனால்? கோட்பாட்டுச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

5. ஆய்வு முறை: ஒன்றை ஆழமாக, இன்னொன்றைப் போதுமான அளவு

நேர்காணல், களக்கவனிப்பு, ஆவணக் காப்பக வேலை, கொள்கை ஆவணப் பகுப்பாய்வு. இந்த நான்கில் ஒன்றை முதன்மையாகவும் இன்னொன்றைத் துணையாகவும் இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுங்கள்.

நேர்காணல் எளிது என்று எல்லோரும் அதன் மீது பாய்கிறார்கள். ஒரு மணி நேரப் பதிவைக் கையால் எழுத்துப்படியாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தானியங்கி மென்பொருள் வேகமாகச் செய்யும். ஆனால் துறைச்சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதிவைக்கும், ஒப்பிட்டுத் திருத்தியே தீர வேண்டும். இளநிலை ஆய்வேட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு நேர்காணல்கள் போதும். இருபத்தைந்து எடுத்துவிட்டு, பகுத்துப் பார்க்க நேரமில்லாமல் மேற்கோள்களைக் கொட்டி வைப்பதைவிட அது மேல்.

மனிதர்களிடம் பேசுவதென்றால் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் முதலில் வர வேண்டும். கேள்விப் பட்டியல், ஒப்புதல் படிவம், பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற திட்டம் எல்லாம் கேட்பார்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது சகஜம். ஆறு முதல் எட்டு வாரங்களை ஒதுக்கி வையுங்கள். ஒப்புதல் வரும் முன் எடுத்த நேர்காணலைப் பொதுவாக ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. பின்னால் அனுமதி வாங்கிச் சரிக்கட்டவும் விடமாட்டார்கள்.

கொள்கை ஆவணப் பகுப்பாய்வை மாணவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். தரநிலைகள், ஒப்புதல் விண்ணப்பங்கள், காப்புரிமைகள், நாடாளுமன்றக் குழு அறிக்கைகள் எல்லாம் பெரும்பாலும் பொதுவெளியில் இருக்கின்றன, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. படிக்க வறட்சியாக இருக்கும் என்பது உண்மை. அந்த வறட்சிக்குள்தான் முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அடுத்த பகுதியில் இருப்பது அத்தகைய ஒன்றுதான்.

6. தலைப்பிலிருந்து கேள்விக்கு: விரல்நுனிக் கருவியை வைத்து ஒரு பயிற்சி

“மருத்துவக் கருவிகளில் பாகுபாடு” என்பது தலைப்பு. ஆய்வேடு எழுதக் கேள்வி வேண்டும். எப்படி இறங்குவது?

முதல் படி, ஒரே பொருளைத் தேர்ந்தெடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியை எடுப்போம். அது சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, இரண்டும் உறிஞ்சப்படும் விகிதத்தைப் பார்க்கிறது. விகிதத்திலிருந்து இரத்த ஆக்சிஜன் சதவீதத்துக்குப் போவது வெறும் கணக்கால் நடப்பதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் இரத்த ஆக்சிஜன் அளவைக் கட்டுப்பாட்டோடு 70 சதவீதம் வரை இறக்கி, அவர்களின் இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பெற்ற அளவுத்திருத்த வளைவு கருவிக்குள் இருக்கிறது.

இரண்டாம் படி, பிரச்சினை சான்றோடு வெளிப்பட்ட இடத்தைக் கண்டுபிடியுங்கள். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த நிகழ்வு கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம்.

மூன்றாம் படி, முடிவு எடுக்கப்பட்ட தாளைத் தேடுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல், பரிசோதனையில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும் என்றது. அவர்களில் அடர்நிறத் தோலுடையவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கவனியுங்கள்: பத்துப் பேரில் இரண்டு பேர்.

நான்காம் படியில் கேள்வி தானாக வந்து நிற்கிறது. “2013 வழிகாட்டுதலில் அந்த எண்ணிக்கை எப்படி நிர்ணயிக்கப்பட்டது, யாருடைய கருத்துகள் பதிவாயின, அடர்நிறத் தோல் என்பதை எப்படி வரையறுத்தார்கள்?” இதற்கு ஆவணங்கள் உண்டு, கால எல்லை உண்டு, தவறென்று நிரூபிக்கக்கூடிய விடையும் உண்டு. “கருவிகள் இனவாதமானவையா?” என்ற கேள்விக்கு இவை எதுவும் கிடையாது. விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியை மதிப்பிடுபவர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

உங்கள் பொருள் எதுவானாலும் இதே வரிசையில் போங்கள்: பொருள், அது இயங்கும் விதம், பிரச்சினை வெளிப்பட்ட இடம், முடிவெடுத்த தாள், கேள்வி. இரண்டாவதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நான்காவதில் எதைத் தேடுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

7. ஆய்வேட்டு ஆண்டு: பின்னாலிருந்து எண்ணுங்கள்

இளநிலை ஆய்வேடு பெரும்பாலும் 8,000 முதல் 15,000 சொற்களுக்குள் இருக்கும். உங்கள் துறையின் வரம்பை முதலில் பாருங்கள். சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி மூன்று வாரங்கள் திருத்தத்துக்கும் அடிக்குறிப்புக்கும் போகும். அதற்கு முன் எட்டு வாரங்கள் எழுத்து. அதற்கு முன் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் சான்று சேகரிப்பும் பகுப்பாய்வும். அதற்கும் முன்னால் நெறிக் குழு. ஆக, கேள்வி மூன்றாம் ஆண்டு முடியும்போதே கையில் இருந்தாக வேண்டும்.

முதலில் எழுத வேண்டியது சான்றுகளை விவரிக்கும் அத்தியாயம். முன்னாய்வுத் தொகுப்பை அதற்குப் பிறகு எழுதுங்கள். முன்னாய்வில் தொடங்குபவர்கள் படித்ததையெல்லாம் ஒப்பித்து 5,000 சொற்களைச் செலவழித்துவிட்டு, தங்கள் சொந்தக் கண்டுபிடிப்புக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். சான்று முதலில் எழுதப்பட்டால், எந்த முன்னாய்வு தேவை என்பதை அதுவே சொல்லும்.

வழிகாட்டியைச் சந்திக்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு பக்க எழுத்தும் ஒரு குறிப்பான கேள்வியும் இருக்கட்டும். “எப்படிப் போகிறது?” என்ற பேச்சில் அரை மணி நேரம் கரைந்துபோகும். “இந்த இரண்டு ஆவணங்களும் முரண்படுகின்றன, எதை நம்புவது?” என்று கேட்டால் வேலை நடக்கும்.

8. பட்டத்துக்குப் பிறகு எதைக் காட்டுவது

வேலைக்கோ முதுநிலைக்கோ விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயர் பலருக்குப் புரியாது, விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. காட்டுவதற்கு மூன்று பொருள்களைத் தயாராக வைத்திருங்கள்: ஆய்வேட்டிலிருந்து தனியாகப் படிக்கக்கூடிய 15 பக்கப் பகுதி, அதே ஆய்வை ஓர் அதிகாரிக்குச் சொல்லும் இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு, தரவோடு செய்த சிறு பகுப்பாய்வு ஒன்று. தரவு ஆளுகை, மருத்துவ ஒழுங்குமுறை, பயனர் ஆய்வு, அறிவியல் கொள்கை போன்ற வேலைகளில் தேர்வு செய்பவர்கள் தேடுவது இந்த எழுத்தைத்தான்.

கொள்கைக் குறிப்பை ஆய்வேட்டுக்குப் பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆய்வேட்டின் முதல் முழு வரைவு முடிந்த வாரத்திலேயே எழுதுங்கள். இரண்டு பக்கத்தில் சொல்ல வராத இடங்கள் எவையோ, ஆய்வேட்டிலும் அவையே குழப்பமான இடங்களாக இருக்கும். அவற்றைத் திருத்த இன்னும் நேரம் இருக்கும்.